மீனுக்கு வந்த நல்ல தண்ணி

இறுப்பிட்டித் தீவுக் கிராமத்தில கிணறு இல்லாத வளவு இல்லை. அந்தக் கிணறுகளில வாயில வைக்கக்கூடிய தண்ணியும் இல்லை. உவர்த் தண்ணியில குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், மாட்டுக்கு வைக்கலாம். மாடு முகத்தைத் திருப்பினால் அது மாட்டின்ர விருப்பம். குடிக்கிறதுக்குத் தண்ணி ஏத்தின பவுசர் லொறி வரவேணும். பவுசர் எப்ப வரும் எண்டு அதை ஓட்டுறவனுக்கே தெரியாது. சனம் வெறும் கான்களைச் சந்தியில வரிசையா வைச்சுப்போட்டு வீட்டுக்குப் போய்விடும். கான்கள் வெயிலில கிடந்து காயும்.

அம்பிகைக்கு இப்பிடிக் காத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சுது. புருசன் விநாயகமூர்த்திக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுது. மலைநாட்டில, கம்பளையில பலசரக்குக் கடை வைச்சு நிமிர்ந்து நிண்ட மனுசன், கடையைக் குடுத்துப்போட்டு ஊரோட வந்து, சொந்தக் கிணத்துத் தண்ணியை ஆசையா அள்ளி அள்ளிக் குடிச்சு, இப்ப கால் வீங்கி முகம் ஊதிச் சாய்மனைக் கதிரையில கிடக்கிறார். யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்ரர் சுருக்கமாத்தான் சொன்னவர்: “உந்தக் கிணத்துத் தண்ணியில ஒரு சொட்டும் வாயில வைக்கக் கூடாது அம்மா. நல்ல தண்ணி குடுத்தியள் எண்டால் இன்னும் கனகாலம் இருப்பார்.” குடுக்காட்டில் என்ன நடக்கும் எண்டு அவர் சொல்லவும் இல்லை, அம்பிகை கேக்கவும் இல்லை.

அதுதான் அவள் உப்பு வடிக்கிற பில்ரர் ஒண்டு கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனாள்.

கந்தோரில எடுத்த எடுப்பில கேட்டது, “வெளியில ஆர் இருக்கினம்?” எண்டுதான். தீவில இது சுகம் விசாரிக்கிற மாதிரி.

“ஒருத்தரும் இல்லை, தம்பி.”

“கனடாவில?”

“இல்லை.”

“சுவிஸில ஒரு மச்சான் முறையாவது?”

“நானும் மனுசனும்தான்.”

கதிரையில இருந்தவன் அவளை ஏதோ அருமையான பிராணியைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். “மனிசருக்கு பில்ரர் குடுக்கிற திட்டம் போன வருசத்தோட முடிஞ்சுது, அம்மா.”

“ஆருக்கெல்லாம் குடுத்தனீங்கள்?”

“ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. ஆனால் முடிவு விழா வடிவா நடந்தது. நீங்கள் வரேல்லையோ?”

அந்தக் கட்டடத்தின்ர மற்றப் பக்கத்தில இன்னொரு கந்தோர். தீவக அலங்கார மீன் வாழ்வாதார மேம்பாட்டுச் சபை. இந்தப் பேரை மூச்சு வாங்காமல் சொல்லுறவர் அதின்ர பணிப்பாளர் ஜெகதீஸ் மட்டும்தான். சனம் மீன் கந்தோர் எண்டு சொல்லும். சுத்திவரக் கடல். நினைச்ச நேரம் மீன். இந்த ஊரில போத்தலுக்குள்ள மீனை விட்டுப் பாத்துக்கொண்டிருங்கோ எண்டு கேக்க வந்த சபைக்கு ஒரு விண்ணப்பமும் வரேல்லை. வெளிக்கள உத்தியோகத்தர் சுலோஜனா, பாவம், அழுவாரைப்போல இருந்தாள். வாசலில அம்பிகையைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தாள்.

“தொட்டி இலவசம், மீன் இலவசம், தண்ணி வடிக்கிற பில்ரரும் இலவசம், அன்ரி. இந்த மீன் உவர்த் தண்ணியில இருக்காது எண்டு எங்கட புத்தகத்தில கிடக்கு. அதுக்காகத்தான் பில்ரர்.”

“எப்பிடித் தண்ணி வரும், பிள்ளை?”

“கடையில விக்கிற போத்தல் தண்ணி தோத்துப் போகும்.”

“மீனுக்கோ?”

“ஓம், மீனுக்குத்தான்.”

அம்பிகை கொஞ்சம் யோசிச்சாள். முட்டை அவிச்ச சட்டியைக்கூட வாசற்படி தாண்ட விடாத சைவம் அவள். “எனக்குச் சின்னனில இருந்தே மீனெண்டால் உயிர், பிள்ளை,” எண்டாள்.

முதலில பயிற்சி. யாழ்ப்பாணத்தில ஒரு குளிரூட்டின மண்டபத்தில ‘நீரின் பெறுமதி’ எண்டு பெரிய பதாகை. ஒவ்வொருத்தருக்கு முன்னாலயும் ஒரு தண்ணிப் போத்தல். பணிப்பாளர் ஜெகதீஸ் எழும்பி, ஒலிவாங்கியைத் தட்டிப் பாத்து, “நீரின்றி மீன் இல்லை. இதை நான் கண்டுபிடிச்சதாகச் சொல்ல வரேல்லை. ஆனால் இதை அறிக்கையில முதன்முதல் எழுதினது நான்தான்,” எண்டு தொடங்கினவர், மத்தியானச் சாப்பாட்டு மணம் வரும்வரைக்கும் நிப்பாட்டேல்லை. எல்லாரும் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடிச்சுப்போட்டு அப்பிடியே வைச்சிட்டுச் சாப்பிடப் போச்சினம். அம்பிகை போகேல்லை. மேசை மேசையாப் போய் மிச்சத் தண்ணிப் போத்தல்களைப் பைக்குள்ள அடைச்சாள். ஜெகதீஸ் அதைக் கண்டுபோட்டார். “இஞ்ச பாருங்கோ, பிளாஸ்ரிக் பொறுக்கிறா! இதுதான் சூழல் உணர்வு!” எண்டு படம் எடுப்பிச்சார். அவளும் சிரிச்சுக்கொண்டு நிண்டாள். பையில அஞ்சாறு நாளைக்கு மனுசனுக்குத் தண்ணி இருந்தது.

பில்ரர் பூட்டுற நாள் வந்தது. பில்ரர் வர முன்னம் கல் வந்தது. கறுப்புப் பளிங்குக் கல், தொட்டியை விடப் பெரிசு. திட்டமிட்டவர் ஜெகதீஸ், வழிகாட்டியவர் ஜெகதீஸ், திறந்து வைத்தவர் ஜெகதீஸ் எண்டு பொன் எழுத்தில வெட்டியிருந்தது. நிறைகுடம் வைச்சு, குத்துவிளக்குக் கொளுத்தி, குசினி வாசலுக்குக் குறுக்கால சிவப்பு ரிபன் கட்டிச்சினம். பூட்டுறதுக்கு வந்த டெனிஸ்ரன் கிணத்து மோட்டரில இருந்து குழாய் இழுத்து, பில்ரரைக் குசினிச் சுவரில ஏத்தி, அதில இருந்து மெல்லிய குழாய் ஒண்டை நேரா விறாந்தையில இருந்த தொட்டிக்குக் கொண்டுபோய் ஈயமுத்திரை குத்தினான். நடுவில ஒரு திருகு பைப்பும் இல்லை.

“குசினிப் பக்கம் ஒரு பைப் வைச்சுவிடன், தம்பி,” எண்டு அம்பிகை ரகசியமாக் கேட்டாள்.

“ஏலாது அக்கா. பைப் வைச்சால் மனிசர் குடிச்சுப்போடுவினம்.”

“அப்ப உந்த மற்றக் குழாய்?”

“அது கழிவுத் தண்ணி. பில்ரர் எடுக்கிற உப்பெல்லாம் உதாலதான் வரும்.”

ஜெகதீஸ் இடையில புகுந்தார். “ஒரு சொட்டும் வீணாகக் கூடாது எண்டதுதான் சபையின்ர கொள்கை, அம்மா. கழிவுத் தண்ணி குடும்பத்துக்கு. அதுக்கும் நாங்கள் ஒரு சதம் வாங்கிறேல்லை.”

படம் எடுக்கிற நேரம் சாய்மனைக் கதிரை இடைஞ்சலாப் போச்சுது. “ஐயாவைக் கொஞ்சம் அங்கால எடுத்து வையுங்கோ,” எண்டார் ஜெகதீஸ். கதிரையோட விநாயகமூர்த்தியைத் தூக்கி, முட்டை விக்க வளக்கிற கோழியளின்ர கூட்டடியில வைச்சினம். அங்க இருந்துகொண்டே அவர் உரையைக் கேட்டார்.

“இந்த பில்ரரில வாற தண்ணி எவ்வளவு சுத்தம் எண்டால், பிறந்த குழந்தைக்கே குடுக்கலாம்!” சபை உத்தியோகத்தர்கள் கை தட்டிச்சினம். “ஆனால் குடுக்கக் கூடாது!” அதுக்கும் தட்டிச்சினம். “ஏனெண்டால் இது மீனின்ர உரிமை. மனிசருக்கு வாய் இருக்கு, கேப்பினம். மீனுக்கு ஆர் இருக்கினம்? நாங்கள்தான் இருக்கிறம்!” சொல்லேக்க அவருக்குத் தொண்டை கரகரத்தது. உடன ஆரோ ஒரு போத்தல் தண்ணியை நீட்டிச்சினம்.

அவையள் போன கையோட அம்பிகை செம்பை எடுத்துத் தொட்டிக்குள்ள விட்டு அள்ளினாள்.

“மீன் குளிச்ச தண்ணியை என்னெண்டப்பா குடிக்கிறது?” எண்டு விநாயகமூர்த்தி முகத்தைச் சுளிச்சார்.

“கோயில் குளத்திலயும் மீன் குளிக்குதுதானே. கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ.”

குடிச்சார். கண்ணைத் திறக்காமல் கனநேரம் இருந்தார். “எட, கம்பளைத் தண்ணி மாதிரியெல்லே கிடக்கு,” எண்டார். அம்பிகைக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த செம்பை அள்ளினாள்.

பிறகு அவளுக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கினது. தொட்டிக்கு மேல தொங்கிற குழாய் வாய்க்கு நேர ஒரு குடத்தை வைச்சாள். மீன் எல்லாத்தையும் ஒரு பேசினுக்குள்ள கிணத்துத் தண்ணியில விட்டாள். சாகட்டும், செத்தால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பம் எண்டு நினைச்சவள். அதுகள் கறுப்பு மோலி மீன். உவர்த் தண்ணியைக் கண்டால் அதுகளுக்குத் திருவிழா. சபையின்ர புத்தகத்தை அதுகள் வாசிக்கேல்லை. திண்டு கொழுத்துக் குட்டியும் போட்டுதுகள்.

இந்தப் பக்கம் விநாயகமூர்த்திக்கு வீக்கம் வத்தத் தொடங்கினது. செருப்புக் காலில ஏறினது. முகத்தில பழைய மூக்கு தெரிஞ்சது. ஒரு நாள் காலமை எழும்பிப் படலை வரைக்கும் தானாகவே நடந்துபோய், போற வாறவையிட்டச் சீனி என்ன விலை, பருப்பு என்ன விலை எண்டு விசாரிச்சு, “பகல் கொள்ளை!” எண்டு ஏசிப்போட்டுத் திரும்பி வந்தார். அவர் ஏசினதைக் கேட்டு அம்பிகைக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. ஏசுற அளவுக்கு மூச்சு வந்திட்டுதே!

அந்த நேரம் பாத்துத்தான் ஜெகதீசும் சுலோஜனாவும் மேற்பார்வைக்கு வந்தினம். அம்பிகை வாகனச் சத்தம் கேட்டு ஓடிப்போய் மீனைத் தொட்டிக்குள்ள கொட்டி, குடத்தை ஒளிச்சு, மூச்சிரைக்க வந்து நிண்டாள். ஜெகதீஸ் தொட்டியைச் சுத்திவந்து பாத்தார். “என்ன கொழுப்பு! என்ன மினுமினுப்பு! பில்ரர்த் தண்ணியின்ர வேலையைப் பாத்தீரோ, சுலோஜனா?” எண்டார். சுலோஜனா எழுதினாள். எல்லாம் சுபமா முடிஞ்சிருக்க வேணும்.

அம்பிகை தேத்தண்ணி போட்டாள்.

பிழை அங்கதான் விட்டவள். தீவில வீட்டுக்கு வந்த ஆளைத் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்புறேல்லை, கடன்காரன் வந்தாலும் குடுக்கிறதுதான். ஆனால் கிணத்துத் தண்ணியில போட்டால் பால் திரையும், சாயம் கறுக்கும், எவ்வளவு சீனி போட்டாலும் அடிநாக்கில உப்புக் கரிக்கும். வாறவை முகத்தைச் சுளிக்காமல் குடிச்சுப்போட்டுப் போவினம்; எல்லா வீட்டிலயும் அதுதானே. அம்பிகையின்ர வீட்டில இப்ப நல்ல தண்ணி இருக்கு. நல்ல தண்ணியை வைச்சுக்கொண்டு பெரிய மனுசருக்கு உவர்த் தேத்தண்ணி நீட்ட அவளுக்கு மனம் வரேல்லை. வீட்டுப் பேர் என்ன ஆகிறது? கை தானாகக் குடத்துக்குப் போச்சுது.

ஜெகதீஸ் ஒரு வாய் குடிச்சார். நிப்பாட்டினார். கோப்பைக்குள்ள எட்டிப் பாத்தார். பேந்து ஒரே மூச்சில முடிச்சுப்போட்டு, “இன்னொண்டு தாங்கோ,” எண்டார். அதையும் குடிச்சு, வாயைத் துடைச்சுப்போட்டுக் கேட்டார்: “நான் இந்தத் தீவுப் பகுதியில எத்தினையோ வருசமாத் தேத்தண்ணி குடிக்கிறன், அம்மா. ஒரு வீட்டிலயும் இப்பிடி இருந்ததில்லை. தண்ணி எங்கால?”

அம்பிகை குடம் இருந்த குசினி வாசலை மறைச்சுக்கொண்டு நிண்டாள்.

“நான் குடிச்சது மீனின்ர தண்ணியோ?”

“சேர், நீங்களும் ரெண்டு கோப்பை குடிச்சனீங்கள்...”

“முதல் கோப்பை பரிசோதனைக்கு. ரெண்டாவது உறுதிப்படுத்திறதுக்கு. எழுதும், சுலோஜனா.”

விசாரணை மீன் கந்தோரில நடந்தது. அம்பிகை புருசனையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆளைக் கண்டால் இரங்குவினம் எண்டு நம்பினவள்.

“இந்தத் திட்டத்தின்ர பயனாளி ஆர்?” எண்டு கேட்டார் ஜெகதீஸ்.

“நான்தான், சேர்.”

“இல்லை. நீங்கள் பராமரிப்பாளர். பயனாளி மீன். பயனாளியின்ர வாயில இருந்து தண்ணியைப் பறிச்சு ஒரு வெளியாளுக்குக் குடுத்திருக்கிறியள்.”

“ஆர் வெளியாள்? என்ர மனுசன்!”

“திட்டத்துக்கு வெளியாள்தானே.”

அம்பிகைக்குப் பத்திக்கொண்டு வந்தது. “சேர், உந்தத் தண்ணி இல்லாட்டில் இந்த மனுசன் செத்துப்போகும். செத்தால் உங்கட மீன் வந்து கொள்ளி வைக்குமோ? ஏழு கடலுக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுறன், அந்த மீனுக்கு உவர்த் தண்ணிதான் விருப்பம்! இவருக்குத்தான் நல்ல தண்ணி வேணும்! கண் இருந்தால் வந்து பாருங்கோவன்!”

சுலோஜனாவுக்குக் கண் கலங்கினது. அவள் நல்ல பிள்ளை. நல்லது செய்யத்தான் வாயைத் திறந்தவள். “சேர், ஐயாவையும் மீன் இருப்புக் கணக்கில சேத்தால் என்ன?”

ஜெகதீஸ் கதிரையில நிமிர்ந்தார். “சொல்லும், இருப்பு எண்டால் என்ன? உயிருள்ளது. தண்ணி தேவைப்படுறது. பராமரிப்பாளரின்ர வீட்டில வளருறது. செதில் இருக்கவேணும் எண்டு எங்கயாவது கிடக்கோ?”

“இல்லை, சேர்.”

“வால்?”

“அதுவும் இல்லை, சேர்.”

“அப்ப எழுதும். கறுப்பு மோலி, சிறிய ரகம். அதுக்குக் கீழ, பெரிய ரகம், ஒண்டு.” சந்தோசத்தில அவர் எழும்பி வந்து விநாயகமூர்த்தியின்ர தோளில தட்டினார். தட்டின கையைப் பிறகு கைலேஞ்சியால துடைச்சார்.

“கடையில வருசா வருசம் நான் இருப்பு எடுத்தனான்,” எண்டு விநாயகமூர்த்தி மெல்லமாச் சொன்னார். “கடைசியில என்னையே எடுக்கினம்.”

“பேசாமல் இருங்கோ,” எண்டாள் அம்பிகை. “தண்ணி வருமெல்லே.”

தண்ணி வந்தது. டெனிஸ்ரன் வந்து முத்திரையை உடைச்சு, பெரிய ரகத்துக்கெண்டு ஒரு பைப்பும் வைச்சுவிட்டான். கொஞ்சக் காலம் அந்த வீட்டில மனுசர் மாதிரி இருந்தினம். சுலோஜனா மாசா மாசம் பெரிய ரகத்துக்கும் சேத்து மீன் தீன் கொண்டுவந்து தந்தாள். அம்பிகை அதைக் கோழிக்குப் போட்டாள்.

ஆனால் இருப்பு எண்டால் நிறுக்க வேணும். நிறை ஏறவேணும், அதுதான் வளர்ச்சி. டெனிஸ்ரன் துறையில மீன் நிறுக்கிற தராசை வாகனத்தில ஏத்திக்கொண்டு வந்தான். வெடுக்கு மணம் வளவெல்லாம் அடிச்சது. விநாயகமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி இருந்தார். ஏறி இருந்தும் பழக்கதோசம் போகேல்லை. “தம்பி, உன்ர தராசு ஒரு பக்கம் சாயுது, கீழ ஒரு சல்லிக்கல்லு வை,” எண்டார்.

முதல் மாசம் நிறை குறைஞ்சிருந்தது. அடுத்த மாசம் இன்னும் குறைஞ்சது.

“வீக்கம் வத்துது, சேர்,” எண்டு அம்பிகை விளங்கப்படுத்தினாள். “உடம்பில தேங்கின தண்ணி போகுது. நல்ல சகுனம் எண்டு டொக்ரர் சொன்னவர்.”

“டொக்ரர் மனிசருக்கு,” எண்டார் ஜெகதீஸ். “இது இருப்பு. இருப்பு மெலியுது.” சொல்லிக்கொண்டு திரும்பினவற்ற கண்ணில கிணத்தடிப் பேசின் பட்டது. அதுக்குள்ள, அம்பிகை திரும்பவும் கிணத்துத் தண்ணியில விட்டிருந்த மோலி மீன் குட்டிகுஞ்சோட குண்டுகுண்டா நீந்திக்கொண்டு திரிஞ்சுதுகள். அவர் குனிஞ்சு ஒரு விரலை விட்டு நக்கிப் பாத்தார். முகம் விடிஞ்சுது.

“சுலோஜனா! இஞ்ச ஓடிவாரும்! ஒரே வீடு, ஒரே பராமரிப்பாளர். உவர்த் தண்ணியில கிடக்கிறது கொழுக்குது. பில்ரர்த் தண்ணி குடிக்கிறது மெலியுது. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்? இந்தத் தீவின்ர தண்ணிதான் இந்தத் தீவின்ர இருப்புக்கு உகந்தது! எழுதும். பில்ரரைக் கழட்டு, டெனிஸ்ரன். பெரிய ரகத்தைக் கிணத்துத் தண்ணிக்கு மாத்துங்கோ.”

அம்பிகை ஓடிப்போய் பில்ரரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டாள். “அவர் செத்துப்போவார், சேர்! கும்பிட்டன், கழட்டாதேங்கோ! மீனெல்லாத்தையும் எடுங்கோ, உந்தக் கல்லையும் எடுங்கோ, இதை மட்டும் விடுங்கோ!” ஜெகதீஸ் மணிக்கூட்டைப் பாத்தார். டெனிஸ்ரன் வந்து அவளின்ர விரல் ஒவ்வொண்டையும், நட்டுக் கழட்டுற பக்குவத்தோட, நோகாமல் எடுத்துவிட்டான். “கோவிக்காதேங்கோ அக்கா, எனக்குச் சொன்ன வேலை,” எண்டான். சுலோஜனா திரும்பவும் கண் கலங்கினாள். கலங்கின கண்ணோட எழுதி முடிச்சாள். பில்ரரையும் பைப்பையும் வாகனத்தில ஏத்திக்கொண்டு போச்சினம். கல்லை மட்டும் விட்டுட்டுப் போச்சினம்.

அம்பிகை சும்மா இருக்கேல்லை. சந்தியில கானோட கிடந்தாள். அயலட்டையில இரந்தாள். ஒரு வீட்டில அரைப் போத்தல் தந்தினம், ஒரு வீட்டில எங்களுக்கே இல்லை எண்டு கதவைச் சாத்திச்சினம். பவுசர் பழுதெண்டு சொல்லிச்சினம், பேந்து சாரதி லீவு எண்டு சொல்லிச்சினம். தாகம் எண்டது பொல்லாதது. அவள் வெளியில போன நேரம் பாத்து விநாயகமூர்த்தி தவண்டுபோய்க் கிணத்தடி வாளியில வாயை வைச்சார். வந்து கண்டவள் வாளியைப் பறிச்சு எறிஞ்சுபோட்டு, அவரை அடிக்கிறதா, அணைக்கிறதா எண்டு தெரியாமல் கிணத்தடியிலயே குந்தி இருந்து கத்தி அழுதாள்.

கால் ஊதினது. வயிறு ஊதினது. கண் இடுங்கிப் போச்சுது. அந்த மாசம் தராசு முள்ளு ஏறினது.

“பாத்தியளோ!” எண்டு ஜெகதீஸ் துள்ளினார். “நான் சொன்னனானெல்லே!”

அடுத்த மாசம் இன்னும் ஏறினது. பெரிய ரகத்தின்ர வளர்ச்சியைக் கோடு போட்டுக் கந்தோர்ச் சுவரில ஒட்டிச்சினம். கோடு மலை ஏறுற மாதிரி ஏறிக்கொண்டு போச்சுது. ஊர்காவற்றுறையில மண்டபம் எடுத்து, சிறந்த வளர்ச்சிக்கான விருது எண்டு அறிவிச்சு, விநாயகமூர்த்தியைக் கதிரையோட தூக்கி மேடையில வைச்சினம். அவருக்கு மூச்சு விசில் அடிச்சது. மாலை போட்டு, பொன்னாடை போத்திச்சினம். கொழும்பில இருந்து வந்த பிரதம விருந்தினர் அவற்ற காலில பெருவிரலால அமத்திப் பாத்தார். அமத்தின இடம் குழியா அப்பிடியே நிண்டது. “நல்ல சதைப்பிடிப்பு,” எண்டார். ஜெகதீசுக்குப் பெருமை தாங்கேல்லை.

“ஐயா ரெண்டு வார்த்தை சொல்லுவார்!” எண்டு ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடிச்சார்.

விநாயகமூர்த்தி முக்கித்தக்கிச் சொன்னார்: “தண்ணி. கொஞ்சம் நல்ல தண்ணி.”

“கேட்டியளோ!” எண்டு ஜெகதீஸ் சனத்தைப் பாத்துக் கத்தினார். “எங்கட திட்டத்தின்ர சாரம் முழுவதையும் ரெண்டு சொல்லில சொல்லிப்போட்டார்!” மண்டபம் அதிரக் கை தட்டிச்சினம். அம்பிகை மேடைக்கு ஏறப் பாத்தாள். பராமரிப்பாளருக்கு மேடையில இடம் இல்லை எண்டு மறிச்சுப்போட்டினம்.

அந்தக் கிழமை முடியேல்லை, விநாயகமூர்த்தி போய்விட்டார். நிறை குறையாமலே போனார். பெட்டி தூக்கினவை நாலு தரம் இறக்கி வைச்சு இளைப்பாறிச்சினம்.

சபையில இருந்து செத்தவீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. எட்டுச் செலவு அண்டு எல்லாரும் வந்தினம். போன ஆளுக்குப் பிடிச்சதுகளைச் சமைச்சுப் படத்துக்கு முன்னால படைக்கிற நாள். வாகனத்தில இருந்து முதலில டெனிஸ்ரன் பில்ரரோட இறங்கினான். புத்தம் புதுசு, பெட்டிகூட உடைக்கேல்லை. பின்னால சுலோஜனா, கையில தண்ணி நிரப்பி முடிஞ்ச பொலித்தீன் பை. அதுக்குள்ள தங்க நிறத்தில மீன்.

“சபை கைவிடாது, அம்மா,” எண்டார் ஜெகதீஸ். “இருப்பில இறப்பு ஏற்பட்டால் மாற்று இருப்பு குடுக்கிறது விதி. இது உவர்த் தண்ணிக்கு ஒத்துவராத உயர்ந்த ரகம். அதுதான் பில்ரரும் கொண்டுவந்தனாங்கள். டெனிஸ்ரன், பூட்டும்.”

குசினியில படையலுக்குச் சோறு வடிச்சுக்கொண்டிருந்தவள் அகப்பையோட வெளியில வந்தாள். அவளிட்டக் கையெழுத்து வாங்கிச்சினம். அவள் போட்டாள். டெனிஸ்ரன் பூட்டினான். தண்ணி தொட்டிக்குள்ள விழுந்தது. நூல் மாதிரி, சத்தமில்லாமல், கண்ணாடித் தண்ணி. அம்பிகை அதையே பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு உள்ளுக்குப் போய் ஒரு சின்னத் தம்ளரைக் கழுவிக் கொண்டுவந்தாள்.

“சேர், இதில ஒரே ஒரு தம்ளர் தாங்கோ. நான் குடிக்கேல்லை. அவற்ற படத்துக்கு முன்னால வைக்கிறதுக்கு.”

ஜெகதீஸ் உண்மையாவே யோசிச்சார். சுலோஜனாவைத் திரும்பிப் பாத்தார். சுலோஜனா நிலத்தைப் பாத்தாள்.

“இறந்த இருப்புக்கு ஒதுக்கீடு இல்லை, அம்மா. பேர் வெட்டியாச்சு. ஐயாவிலயும் எனக்கு மரியாதை இருக்கு, ஆனால் இண்டைக்கு உங்களுக்குத் தந்தால் நாளைக்கு ஊரில செத்தவை எல்லாரும் கேப்பினம்.”

அம்பிகை கிணத்தடிக்குப் போனாள். தம்ளரை நிரப்பிக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால வைச்சாள். தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டாள். எழும்பி வந்து, வந்த ஆக்களுக்கு வாழையிலை போட்டாள்.

மூண்டு பேரும் இருந்து சாப்பிட்டினம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, பாயாசம். ஜெகதீஸ் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, இலையை மடிச்சு, கை கழுவிப்போட்டு வந்து ஏவறை விட்டார்.

“சாப்பாடு திறம், அம்மா. குறை சொல்லப்படாது. கறியளுக்குத்தான் உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு.”

“நான் உப்புப் போடேல்லை, சேர்,” எண்டாள் அம்பிகை. “ஒரு கறிக்கும் போடேல்லை.”

ஜெகதீசின்ர முகம் மலர்ந்தது.

“அப்ப உங்களுக்கு உப்பு வாங்கிற செலவே இல்லை! சுலோஜனா, குடும்பத்துக்குக் கிடைச்ச நன்மையளில இதையும் சேத்து எழுதும்.”

சுலோஜனா சாப்பிட்ட கையைத் துடைச்சுப்போட்டு எழுதினாள்.